ஓட்டு வீட்டுக் கைமரத்தில் ஒரு பெஞ்சு: பழைய தேக்கில் மரச்சாமான் செய்ய முழுமையான வழிகாட்டி

ஓட்டு வீட்டை இடிக்கும்போது முதலில் விலைபோவது கதவும் நிலையும்தான். தூணில் வேலைப்பாடு இருந்தால் அதுவும் உடனே போய்விடும். கடைசியில் மிஞ்சிக் கிடப்பவை கூரையைத் தாங்கிய கைமரங்கள். கரி படிந்து, ஆணி துருத்தி, ஒரு முனை மழையில் நைந்துபோய்ப் பார்வைக்கு விறகு மாதிரி இருக்கும். பல ஊர்களில் விறகாகவே போய்ச் சேருகிறது. ஆனால் அந்தக் கரிக்கு அடியில் நல்ல தேக்கு இருக்க வாய்ப்பு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில், அங்கிருந்து வந்த தேக்கில்தான் செட்டிநாட்டு வீடுகள் எழும்பின. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து மரம் வேண்டுமென்றால் பழைய கூரைகளில்தான் தேட வேண்டும்.

இந்த வழிகாட்டியில் நாம் செய்யப்போவது ஒரு பெஞ்சு. 4 அடி நீளம், ஓரடி அகலம், 18 அங்குல உயரம். இருவர் தாராளமாக உட்காரலாம். நான்கு கைமரம் போதும். வீடு மாற்றும்போது மேல்பலகை ஸ்க்ரூவை எடுத்து, ஆப்பைத் தட்டிக் கழற்றி எடுத்துப்போகலாம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய வசதி. இதில் கை பழகிவிட்டால் டீப்பாயும் சாப்பாட்டு மேசையும் இதே வேலையின் பெரிய வடிவங்கள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மரத்தில் வேலை செய்பவர் படம் போட்டுவிட்டு மரம் வாங்கலாம். பழைய மரத்தில் அது நடக்காது. மரம் கைக்கு வந்து, ஆணி பிடுங்கி, கழுவி, எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அளவு போட வேண்டும். நான் கீழே தரும் அளவுகளும் 4-க்கு 2 அங்குலக் கைமரத்துக்கானவை. உங்களுக்குக் கிடைத்தது 5-க்கு 2 என்றால் பெஞ்சு அகலமாகட்டும், மரத்தைச் செதுக்கிச் சிறிதாக்காதீர்கள்.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்

கைமரம், உத்திரம், மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல்லைத் தாங்கிய கட்டைகள், வேலைப்பாடில்லாத கதவுப் பலகை, நிலைச் சட்டம் எல்லாம் நல்ல மூலப்பொருள். மெட்ராஸ் டெரஸ் கட்டையில் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருக்கும். அதில் மணல் இருப்பதால் அதன்மேல் உளியோ இழைப்புளியோ வைத்தால் கூர் உடனே போய்விடும். கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே கருவியைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

செதுக்கு வேலை உள்ள கதவையும் தூணையும் போதிகையையும் (தூணின் தலையில் வைக்கும் கட்டை) அறுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படிப்பட்டவை அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை முழுசாக இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவை. ஒரு மேசைக்காலுக்காக ஒரு கைவினைஞரின் வேலையை அறுப்பது நியாயமில்லை. வெறும் கட்டை வேண்டுமென்றால் வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரரிடமும் பழைய மரக்கடையிலும் கேளுங்கள்.

ரயில்வே ஸ்லீப்பர் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அது மக்காமல் இருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். வருடங்கள் போனாலும் வாடை போகாது, தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். தொழிற்சாலைப் பக்கம் கிடைக்கும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பைன் மரத்தை எடுக்கலாம், ஆனால் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னத்தின் பக்கத்தில் ‘ஹெச்.டி.’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாத பேலட்டில் என்னென்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

பழைய மரக்கடையில் தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் தேக்கு அல்ல. வேங்கை, கோங்கு, வேம்பு, பூவரசு எல்லாம் கூரையில் போட்டிருக்கிறார்கள். அவற்றிலும் நல்ல பெஞ்சு செய்யலாம், ஆனால் தேக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு சிறு சீவல் எடுத்துப் பாருங்கள். உள்ளே பொன் கலந்த பழுப்பு நிறம், தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை, பழைய தோல் மாதிரி ஒரு வாசனை இருந்தால் தேக்கு. வெட்டு முகத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். அந்தத் துளை வரிசையே தெரியாமல் மேலே மட்டும் பழுப்பு ஏறியிருந்தால் சாயம் போட்ட மரம்.

பிறகு குத்தூசியை எடுத்து இரண்டு முனைகளிலும் குத்திப் பாருங்கள். சுவரில் செருகியிருந்த முனையும் ஓட்டுக்கு வெளியே நீட்டியிருந்த முனையும்தான் முதலில் நையும். ஊசி எதிர்ப்பில்லாமல் இறங்கும் இடம் வரைக்கும் கழிவு என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். கரையான் உள்ளே மண் வைத்த மரம் பொத்தென்று கேட்கும். வெளிறிய வெண்பகுதியில் (மரத்தின் வெளிப்பக்க இளமரம்) குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளு, அதாவது மரம் துளைக்கும் சிறு பூச்சி, விழுந்திருக்கிறது. தூள் புதிதாகக் கொட்டினால் அந்தக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கைமரம் பல வருடம் ஓட்டுச் சுமை தாங்கியது, கொஞ்சம் வளைந்திருக்கும். வளைந்த கட்டையை ஒதுக்க வேண்டாம். 16 அங்குலத் துண்டாக அறுத்தால் வளைவு கண்ணுக்கே தெரியாது, கால்களுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். மேல்பலகைக்கு மட்டும் நேரான கட்டைகளைப் பொறுக்குங்கள். முறுக்கு விழுந்த கட்டை வேறு. இரண்டு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்க்கோலை வைத்துக் குனிந்து பார்த்தால், முறுக்கு இருந்தால் ஒன்று சாய்ந்து தெரியும். அதை வாங்காதீர்கள்.

விலை கன அடிக் கணக்கில் சொல்வார்கள். அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 4-க்கு 2 அளவில் 8 அடிக் கைமரம் நான்கு என்றால் மொத்தம் 32 அடி. 4 × 2 × 32 ÷ 144, ஏறத்தாழ 1.78 கன அடி. நைந்த முனையைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலான கடைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணி, கரி, பெயிண்ட்

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட்டால் கெடுவதும் இங்கேதான்.

கைமரத்தைக் கூரையில் 2 அங்குல முகம் மேலே தெரியும்படி நிறுத்தி வைப்பார்கள். ரீப்பரை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அந்த முகத்தில்தான் ஆணி அடித்திருப்பார்கள். ஆகவே உங்கள் கட்டையின் நான்கு முகங்களில் ஒன்றில்தான் ஆணி வரிசை இருக்கும். மங்களூர் ஓடு போட்ட வீடு என்றால் சுமார் ஓரடிக்கு ஓர் ஆணி. நாட்டு ஓடு என்றால் ரீப்பர் நெருக்கமாக ஓடும், சில அங்குலத்துக்கு ஒன்று வீதம் பார்க்கலாம். அந்த முகத்தில் சாக்பீஸால் நீளக் கோடு போட்டு ‘ஆணி முகம்’ என்று குறித்துவிடுங்கள். கடைசி வரைக்கும் இந்தக் குறி உதவும்.

தலை உள்ள ஆணியைக் கொக்கிச் சுத்தியலால் எடுக்கும்போது சுத்தியலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் பள்ளம் விழும். துருப்பிடித்த ஆணி நேராக இழுத்தால் ஒடிந்துவிடும். முதலில் தலையில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அரை நூல் இறக்குங்கள். (ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.) அந்த அசைவில் துருப் பிடிப்பு விடும், பிறகு இழுத்தால் வரும். ஒடிந்த ஆணியைச் சுற்றி ஒல்லியான உளியால் கொஞ்சம் தோண்டி, குறட்டால் பிடித்துத் திருகிக்கொண்டே இழுங்கள். முடிந்ததும் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு நூலில் கட்டி ஆணி முகம் நெடுக நகர்த்துங்கள். உள்ளே புதைந்த இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் இழுபடும். ஒரே ஒரு துண்டு ஆணி மிஞ்சினாலும் ரம்பப் பல் தெறிக்கும், மில்லில் கொடுத்தால் பிளேடு உடையும். ஆணி இருக்கும் என்ற பயத்தில்தான் பல மில்காரர்கள் பழைய மரத்தைத் தொடுவதில்லை. காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்குவார்கள்.

ஆணி இருந்த இடத்தைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு கறை இருக்கும். இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் சேர்ந்து வந்தது அது. நான் அதை எடுப்பதில்லை, இந்த மரம் எங்கிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பிடிக்காதவர்கள் ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவி, கறை போனதும் இரண்டு மூன்று முறை தண்ணீரால் கழுவிவிடலாம். அது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அடுப்படிக்கு மேலே இருந்த கைமரத்தில் கரி கெட்டியாகப் படிந்திருக்கும். உப்புத்தாளை வைத்தால் தாள் அடைத்துக்கொள்ளும், வேலை நகராது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் நார் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, நிழலில் நிறுத்துங்கள். சோடா நீர் தேக்கைக் கொஞ்சம் கறுக்க வைக்கும், இழைத்தால் போய்விடும்.

பெயிண்ட் அடித்த மரம் என்றால் நிதானம் வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக்கூடாது, தீ காட்டக்கூடாது, சீவலை எரிக்கவும் கூடாது. பெயிண்ட் ரிமூவர் பூசி, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, தார்ப்பாயில் விழுந்ததைச் சுருட்டிக் கட்டி வையுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் பெயிண்ட் அடித்த மரத்தையே தொடாதீர்கள். பெயிண்ட் படாத கைமரம் எவ்வளவோ கிடைக்கிறது.

மரத்தூள் எதுவானாலும் நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய் வரக் காரணமாகலாம். தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் கொடுக்கும். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்க உட்காராதீர்கள்.

பூச்சி மருந்தும் உலர்த்தலும்

வெண்பகுதி உள்ள கட்டைகளுக்கு முன்னெச்சரிக்கையாக போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு சேர்த்து, லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 60 கிராம் கரைத்து, பிறகு இழைத்து முடித்ததும் வெற்று மரத்தில் இரண்டு முறை தடவலாம். இது வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டும்தான், மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். நல்ல தேக்கின் வைரப் பகுதிக்கு (உள்பக்க முற்றிய மரம்) மருந்தே தேவையில்லை.

இழைப்பதற்கு முன், கழுவிய மரத்தை வீட்டுக்குள், விசிறிக் காற்று படும் இடத்தில், இடையிடையே ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்கி, மூன்று நான்கு வாரம் விடுங்கள். பழைய மரம்தானே, எப்போதோ காய்ந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், ஆனால் கடை வாசலில் மழையில் கிடந்திருக்கும், நீங்களும் கழுவியிருக்கிறீர்கள். ஈரமானி இருந்தால் 12 முதல் 14 சதவீதத்துக்குள் வரட்டும்.

என்னென்ன துண்டுகள்

இழைத்த பிறகு 4-க்கு 2 கைமரம் சுமார் 3¾-க்கு 1¾ அங்குலமாக நிற்கும். எல்லாத் துண்டுக்கும் தடிமன் அதே 1¾. தேவையானவை இவை (எல்லாம் அங்குலத்தில்):

- மேல்பலகை 3: நீளம் 48, அகலம் 3¾
- தலைக்கட்டை (மேல்பலகைகளை அடியில் குறுக்கே தாங்குவது) 2: நீளம் 11, அகலம் 3¾ (இப்போதைக்கு 13 அங்குலமாக அறுங்கள்)
- கால் 4: நீளம் 15¾, அகலம் 2½
- கீழ்க் குறுக்குச் சட்டம் (ஒரு ஜோடிக் கால்களை இணைப்பது) 2: நீளம் 8, அகலம் 3¾
- நெடுஞ்சட்டம் (இரண்டு ஜோடிக் கால்களையும் நீளவாட்டில் இணைப்பது) 1: நீளம் 41, அகலம் 3½

மொத்தம் சுமார் 24 அடி. கையில் இருப்பது 32 அடி. நைந்த முனை, பழைய துளை, வெடிப்பு எல்லாவற்றுக்கும் அந்த 8 அடிதான் இடம் கொடுக்கும். குறைத்து வாங்காதீர்கள்.

அறுக்கும் முன் எல்லாக் கட்டைகளையும் தரையில் பரப்பி, சாக்பீஸால் ஒவ்வொரு துண்டையும் வரைந்து பாருங்கள். கழுந்து (துளைக்குள் செருகுவதற்காக முனையில் செதுக்கும் நாக்கு) வரும் இடத்திலும் துளை வரும் இடத்திலும் ஆணி ஓட்டையோ வெடிப்போ இருக்கக்கூடாது, இது கண்டிப்பு. மேல்பலகையின் நடுவில் ஒரு பழைய முளைத் துளை வந்தால் பரவாயில்லை. கால்களை அறுக்கும்போது 2½ அங்குலத்தை ஆணி முகத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள். ஆணி ஓட்டைகள் எல்லாம் மிச்சமாகும் மெல்லிய பட்டையில் போய்விடும், கால் சுத்தமாக வரும். அந்தப் பட்டையில்தான் பிறகு ஆப்பு செய்யப்போகிறோம்.

மேல்பலகைகளைக் கைமரத்தின் அகல முகம் மேலே வரும்படி படுக்க வைக்கிறோம். அப்போது ஆணி முகம் பக்கவாட்டுக்குப் போய்விடும். மூன்றில் இரண்டை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால் அந்த ஓட்டைகள் இடைவெளிக்குள் மறைந்துவிடும். மூன்றாவதன் ஆணி முகத்தை வெளியே காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் காட்டுவேன்.

இழைப்பு

மில்லில் கொடுத்தால் மெஷினில் ஒரே தடிமனுக்கு இழைத்துத் தருவார்கள். அது வசதிதான், ஆனால் எவ்வளவு எடுப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். எல்லாப் பள்ளமும் போகும்வரை ஓட்டினால் 2 அங்குலக் கட்டை ஒன்றேகால் ஆகிவிடும். அடிமுகத்தை நன்றாகச் சமப்படுத்தட்டும், மேல்முகத்தில் கரி நீங்கி ரேகை தெரிந்தால் போதும். நல்ல மேல்முகத்தில் அங்கங்கே ஒரு பழைய வாள் (ரம்பம்) தடம் மிஞ்சியிருந்தால் அது குறையல்ல.

கையால் இழைப்பவர்கள் கவனத்துக்கு: தேக்கில் மணற்சத்து உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சீவல் சுருளாக வராமல் தூளாக உதிர ஆரம்பித்ததும் நிறுத்தித் தீட்டுங்கள். ஒரு முகத்தை முதலில் சமமாக்கி, அதிலிருந்து மூலைமட்டம் வைத்துப் பக்க முகத்தைச் சதுரமாக்கி, அந்த இரண்டிலும் பென்சில் குறி போடுங்கள். இனி எல்லாக் கோடும் அந்த இரண்டு முகங்களிலிருந்தே போட வேண்டும்.

துளையும் கழுந்தும்

கால்களை ஸ்க்ரூ அடித்துச் சேர்த்த பெஞ்சு சில வருடத்தில் ஆட ஆரம்பிக்கும். கழுந்தும் துளையும் போட்டது ஆடாது. பழைய தேக்குக் கெட்டியாகவும் உலர்ந்தும் இருப்பதால் கோடு போட்ட இடத்தில் சுத்தமாக வெட்டுப்படும், முதல்முறை செய்பவருக்கும் இது கைகொடுக்கும்.

எப்போதும் துளையை முதலில் போடுங்கள். கழுந்தைச் சீவி துளைக்குப் பொருத்தலாம், துளையைச் சிறிதாக்க முடியாது.

கால் மேலே தலைக்கட்டைக்குள் ஏற வேண்டும். கால்களின் 2½ அங்குல முகம் பெஞ்சின் அகல வாட்டில் நிற்கும். தலைக்கட்டையின் அடியில், 11 அங்குலக் கோட்டிலிருந்து 6 நூல் உள்ளே தள்ளி, 2 அங்குல நீளம், 5 நூல் அகலம், 1¼ அங்குல ஆழத்தில் துளை. தலைக்கட்டையை 13 அங்குலமாக விடச் சொன்னது இதற்காகத்தான். முனைக்கு அருகில் உளி அடித்தால் மரம் பிளந்துகொள்ளும், கூடுதல் நீளம் அதைத் தாங்கும். எல்லாம் முடிந்து பசை காய்ந்த பிறகு இருபக்கமும் ஓர் அங்குலம் அறுத்துவிடலாம். காலின் தலையில் இதற்கேற்ற கழுந்து: 5 நூல் தடிமன், 2 அங்குல அகலம், 1¼ நீளம்.

கீழ்ச் சட்டம் தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் வரும். காலின் 1¾ அங்குல முகத்தில், நடுவில், 5 நூல் அகலம், 2¾ அங்குல உயரம், 1½ அங்குல ஆழத்தில் துளை. சட்டத்தின் இருமுனையிலும் அதற்கேற்ற கழுந்து. கழுந்து தொடங்கும் இடத்திலுள்ள படிதான் தோள். தோளுக்குத் தோள் 5 அங்குலம் நிற்க வேண்டும்.

5 நூல் உளியைவிடச் சற்றுச் சிறிய டிரில் பிட்டால் கோட்டுக்குள் வரிசையாகத் துளையிட்டு, மிச்சத்தை உளியால் சீவுங்கள். முனைச் சுவர்களை அடிக்கும்போது உளியின் தட்டை முகம் சுவர்ப்பக்கம் இருக்கட்டும். கழுந்தின் தோள்கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். அந்தக் கீறலில் வாள் தானாக உட்காரும், தோள் கண்ணுக்குத் தெரியாமல் பொருந்தும். கழுந்து துளைக்குள் கையழுத்தத்தில் பாதியும் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) தட்டில் மீதியும் போனால் சரியான இறுக்கம். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் வெடிக்கும், ஒரு சீவல் எடுங்கள். தளர்ந்துவிட்டால் கழுந்தின் பக்கத்தில் அதே தேக்கின் மெல்லிய சீவலை ஒட்டி மறுபடி பொருத்துங்கள்.

நெடுஞ்சட்டத்துக்கு கீழ்ச் சட்டத்தின் நடுவில் ஊடுருவும் துளை: 6 நூல் அகலம், 2½ அங்குல உயரம். மேலும் கீழும் 5 நூல் மரம் மிஞ்சும். பெஞ்சின் இரண்டு ஜோடிக் கால்களுக்கு இடையே தோளுக்குத் தோள் 32½ அங்குலம். அதற்கு அப்பால் ஒவ்வொரு முனையிலும் 4¼ அங்குலக் கழுந்து, சட்டத்தைத் தாண்டி 2½ அங்குலம் வெளியே நீட்டும். அந்த நீட்டலில்தான் ஆப்பு.

ஆப்பு

நெடுஞ்சட்டத்தைத் துளையில் முழுக்கச் செலுத்தி, கீழ்ச் சட்டத்தின் வெளிமுகம் கழுந்தில் எங்கே படுகிறதோ அங்கே கோடு போடுங்கள். ஆப்புத் துளை அந்தக் கோட்டில் தொடங்கக்கூடாது, ஒரு நூல் சட்டத்தின் பக்கம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு சட்டத்தின் முகத்தை அழுத்தித் தோளை இழுத்துப் பிடிக்கும். கோட்டிலேயே போட்டால் ஆப்பு துளைக்குள் முட்டிக்கொண்டு நின்றுவிடும், சட்டம் ஆடும். ஆப்புத் துளையைப் பக்கவாட்டில் ஊடுருவப் போடுங்கள், உயரம் 6 நூல், அகலம் ஏறத்தாழ 7 நூல். ஆப்பு அங்குலத்துக்கு ஒரு நூல் வீதம் சரியட்டும், துளையின் வெளிச்சுவரையும் அதே சாய்வில் சீவுங்கள். ஆப்புக்கு ரேகை நீளவாட்டில் ஓட வேண்டும், குறுக்கு ரேகை உடையும்.

பூட்டுதல்

பசையில்லாமல் ஒருமுறை முழுக்கப் பூட்டி, சமதரையில் நிறுத்தி, எல்லா மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். குறை இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும்.

தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. பசை போடுவதற்குச் சற்று முன் கழுந்தையும் துளையையும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். தண்ணீர் தாங்கும் வகைப் பெவிகால் போதும். கழற்ற வேண்டிய நெடுஞ்சட்டத்தை விட்டுவிட்டு, மற்ற மூட்டுகளில் பசையைத் துளைச் சுவரிலும் கழுந்திலும் மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் பரப்பாமல், பாதி காய்ந்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சுரண்டி எடுங்கள். பசை பரவிய இடத்தில் எண்ணெய் ஏறாது, வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

இதோடு மூங்கில் ஆணியும் அடிக்கலாம். காலில் துளையிட்டு, கழுந்தில் அதே துளையைத் தோள்பக்கம் அரை நூல் தள்ளிப் போட்டால், மூங்கில் ஆணி இறங்கும்போது கழுந்தை இழுத்துக் கட்டும். பசை எப்போதாவது விட்டுப்போனாலும் அந்த ஆணி பிடித்திருக்கும்.

மேல்பலகைகளைத் தலைக்கட்டையின் அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். தலையை அரை அங்குலம் புதைத்து, 2½ அங்குல ஸ்க்ரூ, ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு, ஒரே நேர்க்கோட்டில் வராமல் சற்று மாற்றி மாற்றி. பலகைகளுக்கு இடையே 2 நூல் இடைவெளி. மூன்றையும் ஒட்டி ஒரே பலகையாக்கினால் அழகாக இருக்காதா என்று கேட்கலாம். ஓரடி அகலத் தேக்கு, ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையில் 2 மில்லிமீட்டர் வரை அகன்று சுருங்கும். குறுக்கே தலைக்கட்டையில் இறுக்கிய பலகை நகர இடமில்லாமல் வெடிக்கும். தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றின் அசைவும் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது.

உப்புத்தாளும் எண்ணெயும்

80ஆம் எண்ணில் தொடங்கி 120, பிறகு 180. ரேகையோடு மட்டும் தேய்க்க வேண்டும். விளிம்புகளைக் கொஞ்சம் மழுக்குங்கள், தொடைக்கு அடியில் உறுத்தாது. ஆணி ஓட்டையில் பட்டி வைத்து அடைக்காதீர்கள், காலப்போக்கில் பட்டி வெளுத்துத் தனியாகத் தெரியும். உட்காரும் முகத்தில் விரல் சிக்கும் அளவுக்குப் பெரிய ஓட்டை இருந்தால் தேக்கு முளை ஒன்றைச் செதுக்கி அடித்துச் சமமாக்குங்கள்.

மேல்பூச்சுக்கு எனக்குப் பிடித்தது லின்சீட் ஆயில், கொதிக்க வைத்த வகை. முதல் பூச்சுக்கு டர்பன்டைன் சரிபாதி கலந்து தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. ஒரு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு பூச்சு. அரக்குப் பாலிஷ் இதைவிடப் பளபளக்கும், ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சுகள் கெட்டியானவை, கீறல் விழுந்தால் வீட்டில் சரிசெய்ய முடியாது. எண்ணெய் பூசிய பெஞ்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து எண்ணெய் தொட்டு வைத்தால் சரியாகிவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது. லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பற்றும். துணியை விரித்து வெளியே கொடியில் போட்டு முழுக்கக் காயவிடுங்கள், அல்லது ஒரு டப்பாத் தண்ணீரில் அமிழ்த்தி மூடுங்கள்.

பெஞ்சின் கால் அடியில் ரப்பரோ தடித்த பிளாஸ்டிக்கோ ஒட்டினால் தரை கழுவும்போது வெட்டுமுகம் தண்ணீர் குடிக்காது. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கோடையில் மரம் சுருங்கி ஆப்பு கொஞ்சம் தளரும், கொட்டாப்புளியால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டு தட்டிவிடுங்கள்.